நீல டேப்

"அடுத்தது," என்றான் அண்ணன்.

அவள் கேமராவின் பொத்தானை அழுத்தினாள். சின்னத் திரையில் அப்பா மறுபடியும் வந்தார். தலையில் வெள்ளைப் போர்வை. கையில் பூங்கொத்துக்குப் பதிலாக ஒரு கட்டு கரண்டி.

"அடுத்தது."

போர்வை. கரண்டி.

"போர்வை இல்லாம ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"இத்தனை நாளா அவரைத்தானே எடுத்துக்கிட்டிருந்த?"

"மணப்பொண்ணாத்தான் எடுத்தேன்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பாவை உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். காலையில் அம்மா டீ கொண்டுபோய் எழுப்பியபோது அவர் எழவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார். மாலையில் எடுப்பதாக முடிவாயிற்று. அதற்குள் கூடத்தில் வைக்க ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்தது அவருடைய அடையாள அட்டைப் படம் மட்டும்தான். அதில் அவர் வேறு யாரோபோல் இருந்தார்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கேமரா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதுவரை எடுத்ததெல்லாம் பூனை, மழை, பஸ் நிறுத்தம். நாளை, கடையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். அவள் எடுக்கவிருக்கும் முதல் கல்யாணம்.

"அக்கா, நான் ஹாலுக்குள்ள நடந்து வர்ற படம் மட்டும் நல்லா வந்தாப் போதும். மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும்," என்றிருந்தாள் அந்தப் பெண்.

அதுதான் கஷ்டம். மண்டபத்தின் நடை இருட்டு. உள்ளே பெரிய ஜன்னல்கள். வெளிச்சம் மாறும் இடத்தில் கேமரா ஃபோகஸ் கிடைக்காமல் தடுமாறியது. அது பிடிப்பதற்குள் ஆள் கடந்துபோய்விடுவார். ஆகவே வாசற்படியில் முன்னாலேயே ஃபோகஸை நிறுத்திவைத்துவிட்டு, பெண்ணின் கால் அங்கே படும்போது அழுத்த வேண்டும். வீட்டிலும் நடை இருட்டு, கூடம் வெளிச்சம். இரண்டுக்கும் நடுவே தரையில் நீல டேப் ஒட்டி, அப்பாவை மணப்பெண்ணாக நடக்கவைத்துப் பழகினாள். மணப்பெண் வெள்ளை உடுத்தப்போவதால் போர்வை.

கரண்டி அப்பாவின் யோசனை.

டேப்பின்மேல் வந்ததும் அவர் நின்றுவிடுவார். இரண்டு பாதங்களையும் கோட்டோடு சரியாகச் சேர்த்துவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்.

"நிக்காதீங்கப்பா. நடந்து வந்துக்கிட்டே இருங்க. என்னைப் பாக்காதீங்க."

"காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டினவன்மா நான். லிஃப்டைத் தரைக் கோட்டுல சரியா நிறுத்தலைன்னா ஆளுங்க தடுக்கி விழுவாங்க."

"இப்ப நீங்க லிஃப்ட்காரர் இல்ல. பொண்ணு."

"மாப்பிள்ளை யாருன்னு சொல்லு. அப்புறம் நடக்கறேன்."

"எந்த மாப்பிள்ளையும் வரமாட்டான், நடங்க," என்று சமையலறையிலிருந்து அம்மா சொல்வாள்.

நேற்று மாலை அவர் நிற்காமல் நடந்தார். அவள் ஒவ்வொரு முறையும் முந்தினாள் அல்லது பிந்தினாள். இன்னும் ஒரு தரம்ப்பா என்றாள். அவர் நடைக்குத் திரும்பிப் போய், போர்வையைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்தார். இன்னும் ஒரே ஒரு தரம் என்றாள். கடைசியில் கால் டேப்பைத் தொட்ட அதே நொடியில் அழுத்தினாள்.

"வந்துருச்சுப்பா!"

"அப்ப நான் பாஸா?" என்று கேட்டபடி அப்பா நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எப்படி இருந்தாரு?" என்றான் அண்ணன், சுவரிலிருந்து திரும்பி. "மூச்சு கீச்சு வாங்குச்சா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லையே," என்றாள் அம்மா. உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். "நல்லாத்தான் இருந்தாரு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கிட்ட வந்து கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"பின்னால போக எதை அமுக்கணும்?"

காட்டினாள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பா டேப்பின்மேல் நின்று சிரிக்கும் படம் ஒன்றில் நிறுத்தினாள்.

"இது."

"போர்வையோட கூடத்துல வெச்சா வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க?"

"முகத்தை மட்டும் வெட்டிப் போடச் சொல்லு."

ஸ்டூடியோவில் வெட்டிக் கொடுத்தார்கள். காதோரம் வெள்ளை கொஞ்சம் தங்கிவிட்டது. அப்பாவோடு வேலை பார்த்த காவலாளி வந்து, படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "ஸ்டூடியோல எடுத்ததா? வெள்ளைத் திரை நல்லா எடுப்பா இருக்கு."

"ஆமாங்க," என்றான் அண்ணன். "ஸ்டூடியோதான்."

விஷயம் தெரிந்து மணப்பெண் போன் செய்தாள். "அக்கா, நீங்க வரவேணாம். செல்போன்லயே எடுத்துக்கறோம். மனசுல வெச்சுக்காதீங்க." சரி என்று சொல்லி வைத்தாள்.

உள்ளறையிலிருந்து அப்பாவை நடைவழியாகத் தூக்கி வந்தார்கள். கூடத்து வாசலில் முன்னால் வந்தவன் நின்றான். பின்னால் வந்தவன் இடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா நின்னுட்ட?"

"கை மாத்திக்கறேன்."

மாற்றிக்கொண்டு நடந்தார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பியபின் அம்மா தரையைத் துடைத்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. டேப்பைத் தொடாமல் அதைச் சுற்றித் துடைத்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

"வரலைன்னு."

"திரும்பக் கூப்பிடு. வர்றேன்னு சொல்லு."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா வாளியை அவனிடம் நீட்டினாள். "தண்ணி மாத்திட்டு வா."

அவன் போனான்.

"அம்மா, நேத்து நான்..."

"எத்தனை தரம் நடந்தாரு மனுஷன்," என்றாள் அம்மா. "போயிட்டு வா."

அவள் குனிந்து டேப்பை முனையிலிருந்து மெதுவாக உரித்தாள். கிழியாமல் வந்தது. கேமராப் பையின்மேல் ஒட்டிவைத்தாள்.

மறுநாள் மண்டபத்தில் ஆட்கள் வருவதற்கு முன் மணப்பெண் நடைவரைக்கும் வந்து எட்டிப்பார்த்தாள். வெள்ளை உடை. காலில் வீட்டுச் செருப்பு. கேமராப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் மண்டியிட்டு டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வந்து நிக்கணுமா, இல்ல நடந்து வந்துக்கிட்டே இருக்கணுமா?"

பசையில் வீட்டுத் தூசி இருந்தது. ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டே நின்றது. அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

"நில்லு," என்றாள்.