கோணல் கத்தியும் ராஜப்பாவின் கன்னமும்

பொன்னுரங்கத்தை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். அந்தக் கத்தியை யாரும் அவன் தலையில் கட்டவில்லை. அவனேதான் தலையைக் கொண்டுபோய் நீட்டினான். பங்காருபேட்டை ரயிலடியில் ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான்: தந்தப் பிடி போட்ட சீமைச் சவரக் கத்தி. பொன்னுரங்கம் பிடியைப் பார்த்தான், பளபளப்பைப் பார்த்தான், அதில் தெரிந்த தன் மூஞ்சியைப் பார்த்து மீசையைக்கூட ஒதுக்கிக்கொண்டான். அலகு நேராக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மறந்துவிட்டான். அப்பன் காலத்து நாட்டுக் கத்தியைக் கொடுத்துவிட்டு அதை மாற்றிக்கொண்டு வந்தான்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வரும் ஆட்களுக்குச் சவரம் செய்வதுதான் அவன் பிழைப்பு. வந்ததும் கத்தியைக் கல்லில் வைத்தான். ஒரு பக்கம் வைத்தால் இரண்டு கோடியும் படுகின்றன, நடு எழும்பி நிற்கிறது. திருப்பி வைத்தால் நடு உட்காருகிறது, கோடிகள் படகு மாதிரி ஆடுகின்றன. உலையிலேயே வளைந்து பிறந்த கத்தி.

கல்தான் சரியில்லை என்று முடிவு செய்தான். கத்தி சீமையாயிற்றே! கல்லைப் பாறையில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி சமமாக்கினான். கல் சமமாக ஆக, கத்தியின் கோணல் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ஏசுபாதம் சோதனைக்குக் கன்னத்தைக் கொடுத்தான். இரண்டு இழுப்பிலேயே அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாய்யா பண்றே? செரைக்கிறியா, களை புடுங்கறியா?"

"கொஞ்சம் பொறுபா. சீமைக் கத்தி, பழகணும்."

"அது பழகறதுக்குள்ள எனக்குக் கன்னமே இருக்காது."

சாதாரண நாளாக இருந்தால் பொன்னுரங்கமும் சிரித்திருப்பான். ஆனால் வெள்ளிக்கிழமை அவன் பேத்தமங்களாவுக்குப் பெண் கேட்கப் போகவேண்டும். பெண்ணின் அப்பா ராஜப்பாவும் அதே தொழில்காரர். அவர் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெண் கேட்டு வருகிறவன், உறவுக்காரர்கள் முன்னால், தன் சொந்தக் கத்தியால் அவருக்குச் சவரம் செய்யவேண்டும். ஒரு துளி ரத்தம் வந்தாலும் பெண் இல்லை. ஏற்கெனவே ஒருவன் அவர் காது மடலைக் கிழித்துவிட்டு மாட்டு வண்டிக்குக்கூடக் காத்திராமல் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருந்தான். இரவல் கத்தி கொண்டுபோகவும் வழியில்லை. தன்னிடம் சீமைக் கத்தி இருப்பதாகப் பொன்னுரங்கம் முன்கூட்டியே சொல்லி அனுப்பிப் பெருமை அடித்திருந்தான்.

பெண் பார்வதம்மாவை அவன் சந்தையில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தான். "செரைக்கிற கைக்கு இம்மாம் பெரிய மோதிரமா?" என்று அவள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கே மோதிரத்தைக் கழற்றினான். மனசு மட்டும் அந்தச் சந்தையிலேயே நின்றுகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல், ஏசுபாதத்தின் மனைவி ஜெயம்மா இரவல் வாங்கிப்போன தன் பழைய தீட்டுக்கல்லையாவது வைத்துப் பார்க்கலாம் என்று போனான். அவள் அதை வைத்து அரிவாள்மனையைத் தீட்டித் தீட்டி, நடுவில் மேடாகவும் இரண்டு பக்கமும் சரிவாகவும் ஆக்கியிருந்தாள்.

"இன்னா ஜெயம்மா, கல்லா இது? மாட்டுத் திமில் மாதிரி கீது!"

"எதுக்குண்ணே கத்தறே? உன் கத்தியில பள்ளம் கீதுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறே. என் கல்லுல மேடு கீது. ரெண்டுத்துக்கும் கண்ணாலம் பண்ணி வையேன்."

பொன்னுரங்கம் அங்கேயே உட்கார்ந்தான். கத்தியின் குழிந்த பக்கத்தை மேட்டின்மேல் வைத்து இழுத்தான். அடியிலிருந்து நுனிவரை எங்கும் விட்டுப்போகாமல் கல் பட்டது. புடைத்த பக்கத்துக்குச் சமமான கல், மணிக்கட்டை உருட்டி உருட்டி. கடைசியில் தோல்வாரில் தீட்டினான். ஏசுபாதம் மறுபடி கன்னம் தர மறுத்துவிட்டதால் தன் முன்கையில் வைத்துப் பார்த்தான். முடி ஊதினாற்போல் போயிற்று.

வெள்ளிக்கிழமை ராஜப்பா நடுக்கூடத்தில் தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வலது கன்னம் சுலபம். இடது கன்னத்துக்கு வந்ததும் பொன்னுரங்கம் கத்தியை எடுத்துவிட்டான். பல் விழுந்து கிணறு மாதிரி குழி. அதற்குள் ஒரு கொத்து நரைமுடி. வேறு வழி தெரியாமல் கத்தியின் புடைத்த பக்கத்தைக் குழிக்குள் சாய்த்தான். கத்தி அங்கேயே பிறந்ததுபோல இறங்கியது, வழித்தது, ஏறியது.

ராஜப்பா தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். "பல்லு போனதுலேர்ந்து இந்தக் குழியில யார் கத்தியும் எறங்கல. சீமைக் கத்தின்னா சும்மாவா! பொண்ணு உனக்குத்தான். கத்திய எனக்குக் குடுத்துடு."

கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பொன்னுரங்கம் கத்தியை நீட்டவும் செய்தான். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, அது கோணல் கத்தி. நான் பாக்காம வாங்கிட்டேன். உங்க கல்லுல தீட்ட வராது. பெருமைக்குச் சொல்லி அனுப்பினேன்."

ராஜப்பா கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. அடுக்களைப் பக்கமிருந்து பார்வதம்மாவின் குரல் வந்தது.

"நைனா, நேர்க்கத்தி வச்சிகினு வந்தவங்க எல்லாம் உங்கள இன்னா பண்ணாங்கன்னு காதைத் தொட்டுப் பாத்துக்கோங்க."

ராஜப்பாவின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. உறவுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் அடக்க முடியவில்லை.

"சரிடா. கத்திய நீயே வச்சிக்கோ. ஆனா வாரா வாரம் வந்து எனக்குச் செரைக்கணும்."

பொன்னுரங்கம் தலையாட்டி முடிப்பதற்குள், பல்லில்லாத சித்தப்பா ஒருவர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பார்வதம்மா சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சூடு போதுமா பாருங்க."

விரலை விட்டான். கொதித்தது.

"சரியா கீது," என்றான்.