போணக்காட்டு ஏற்றம்

என் பெயர் அழகியநம்பி. போணக்காட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட் கிளார்க். என் மனைவி பொன்னம்மை போன ஆனி மாதம் இறந்துபோனாள். இந்த மூன்றையும் நான் ஒரே குரலில் சொல்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்குக் குறை. வேறு குரல் வரவில்லை. வைத்துக்கொண்டா வஞ்சகம் செய்கிறேன்?

நடந்தது இவ்வளவுதான். அவளுக்கு எட்டாம் மாதம். அடுத்த வாரம் பிரசவத்துக்குக் கீழே டவுனில், ஆரியசாலையில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. அன்று காலையில் ரத்தம் கண்டது. தோட்டத்து டாக்டர் லீவில் இருந்தார். அவளை அசைக்கவே கூடாது என்று கம்பவுண்டர் சொன்னதால், நான் என் காரை எடுத்துக்கொண்டு மலையடியில் வித்துராவுக்கு இறங்கி, அங்கே இருந்த டாக்டரையும் நர்ஸையும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பன்னிரண்டு மைல், பெரும்பாலும் ஏற்றம். நான் மட்டும் இருந்தால் முக்கி முனகி ஏறிவிடுகிற வண்டி, மூன்று பேரையும் மருந்துப் பெட்டியையும் சுமக்க மாட்டேன் என்றது. தும்மியது, கொதித்தது, நின்றது. நான்கு தடவை நின்றது. ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றி, ஆறவைத்து, மறுபடி கிளப்பி, வீட்டு வாசலுக்கு வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று.

டாக்டர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தாய், பிள்ளை இரண்டு உயிரும் போயிருந்தன. "ஒரு அரை மணிக்கூர் முன்பு எத்தியிருந்தெங்கில்…" என்று மலையாளத்தில் ஆரம்பித்தவர், அரை மணி முன்னால் வந்து சேர்ந்திருந்தால் என்பதோடு பாதியில் நிறுத்திக்கொண்டு கை கழுவத் தண்ணீர் கேட்டார். நான்தான் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மிளகாயைக் கடித்தாலும் உறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அழுகை தானாக வரும், வந்துவிட்டால் பாரம் இறங்கும் என்றார்கள். நானும் காத்திருந்தேன். பதினாறு நாளும் முடிந்து, பந்தல் பிரித்து, பாத்திரக் கணக்குகூட நானே பார்த்து அனுப்பினேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம், பொன்னம்மையின் அண்ணன் தாணுமாலயன் என் மகள் சரோஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரோஜத்துக்கு ஆறு வயது. அவருக்கு ஆரியசாலையில் அரிசி மொத்தக் கடை. எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் பேசுவார்.

"மலை ஏறாத தகர டப்பாவ வச்சுக்கிட்டு, எம் மருமவளையும் இங்கயே வச்சுக்கிடப் போறீராக்கும்? நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்ன செய்வீரு? வண்டி ஏறும்னு என் கண்ணு முன்னால காட்டும், மாப்பிள. அன்னைக்கு அனுப்பி வைக்கேன்" என்றார்.

நியாயமான பேச்சு. சரோஜம் அவர் கூடப் போனாள். எனக்கு அவள் வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. வேறு எதுவுமே வேண்டும் என்று தோன்றாத அந்த நாட்களில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வாரம் ஒருநாள் ஆரியசாலைக்குப் போய் அவளைப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்துக்கொண்டிருந்தாள். போகும்போதெல்லாம் நான் மலைக்குத் திரும்ப பஸ் இருக்கிறதா என்று கேட்பாள்.

தோட்டத்து ஸ்டோரில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. எங்கள் அசிஸ்டெண்ட் மானேஜர் துரை தன் காருக்கென்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. பெட்டி வந்து சேர்வதற்குள் துரை கப்பலேறிவிட்டார். அவர் காரும் என் காரும் ஒரே ரகம், பத்துக் குதிரைச் சக்திச் சின்ன எஞ்சின். கடிதம் போட்டேன். நீயே எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே சூப்பர்சார்ஜர். சின்னப் பூசணிக்காய் பருமனில் ஓர் அலுமினிய உருளை, அதைச் சுற்ற வைக்க பெல்ட்டும் புல்லியும், ஓர் எண்ணெய்க் குழாய், படம் போட்ட சின்னப் புத்தகம்.

டவுனில் பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் சத்தியதாஸின் ஒர்க்‌ஷாப். பெட்டியை அவன் முன்னால் இறக்கினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தான். அப்படிப் படிக்கிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"சாதாரண எஞ்சின் காத்தை உறிஞ்சித்தான் எடுக்கும் சாறே. மல மேல போகப் போகக் காத்து நேர்த்து மெலிஞ்சு போவும், எஞ்சினும் தளரும். இது காத்தையும் பெட்ரோளையும் சேத்து உள்ள தள்ளிக் கொடுக்கும். பிள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரி, கேட்டோ" என்றான்.

"மலை ஏறுமா?"

"மூணு ஆளில்ல, அஞ்சு ஆளோட கேறும்."

முதல் வேலையாக கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். அதை உருளையின் வாயில் கொண்டுபோய் மாட்டி, பெட்ரோல் கூடுதலாக வருவதற்கு அதன் ஜெட்டையும் மாற்ற வேண்டும். ஜெட் என்பது பெட்ரோல் பீய்ச்சுகிற பித்தளைத் திருகு, நடுவில் ஊசித் துவாரம். சத்தியதாஸ் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஊதினான். திரும்பவும் பிடித்துப் பார்த்தான். பிறகு சின்ன இடுக்கி எடுத்து, தலைமயிர் போல ஒரு செம்புக் கம்பியை அதற்குள்ளிருந்து உருவினான்.

"சாறே, இது ஆரு வச்சது?"

"நான்."

நான்தான் வைத்தேன். நாற்பத்தொன்பதில், பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். ஒரு காலன் பெட்ரோலுக்கு யார் வண்டி அதிக மைல் ஓடும் என்று தோட்டத்துக் கிளப்பில் எங்களுக்குள் போட்டி. நான் ஒரு மின்சார ஒயரைப் பிரித்து, அதில் ஒரே ஒரு இழையை ஜெட்டுக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் மடக்கி விட்டேன். முப்பத்திரண்டு மைல் ஓடிக்கொண்டிருந்த வண்டி நாற்பத்தொன்று ஓடிற்று. கிளப்புச் சுவரில் சாக்பீஸால் என் பெயரை எழுதினார்கள். கூப்பன் போயிற்று, போட்டியும் போயிற்று, கம்பி மட்டும் தங்கிவிட்டது. சின்ன வண்டி என்றால் மலையில் இப்படித்தான் திணறும் என்று நானே நினைக்கப் பழகிவிட்டேன். அன்று வளைவில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியபோதுகூட கம்பி என் ஞாபகத்துக்கு வரவில்லை. இதை யாரும் நம்ப வேண்டாம். நானே சில நாள் நம்புவதில்லை.

சத்தியதாஸுக்கு என் வீட்டு விஷயம் தெரியாது. அவன் பாட்டுக்கு உற்சாகமாகப் பேசினான். "பெட்ரோள் குறைஞ்சா எஞ்சின் சூடாவும், தும்மும், ஏற்றத்துல நிக்கும். கம்பிய எடுத்தாச்சு அல்லே, இனி சூப்பர்சார்ஜர் ஒண்ணும் வேண்டா சாறே. சும்மா இப்படியே மல கேறும். ஞாயறாழ்ச்ச ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை, பழைய எஞ்சினைப் பழையபடியே பூட்டி, மூன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வித்துராவிலிருந்து போணக்காட்டுக்கு ஓட்டினான். நான் போகவில்லை. திங்கட்கிழமை கடிகாரத்தைக் காட்டிச் சொன்னான். ஒரு மணி எட்டு நிமிடம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அன்றைக்கு ஆனது ஒரு மணி ஐம்பது. நாற்பத்திரண்டு நிமிடம் வித்தியாசம். டாக்டர் கேட்டது முப்பது. கொடுத்துப் போக இன்னும் பன்னிரண்டு நிமிடம் கையில் இருக்கிறது.

இப்போதாவது நெஞ்சு வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். காது மட்டும் கொஞ்சம் அடைத்தது. தேங்காய் உடைக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது.

"சரி. சூப்பர்சார்ஜரை மாட்டு" என்றேன்.

"என்னத்துக்கு சாறே?"

என்னத்துக்கு என்றால், புதிதாக ஒன்றும் மாட்டாமல் வண்டி மலை ஏறினால், அப்படியானால் அன்றைக்கு ஏன் ஏறவில்லை என்று மச்சான் கேட்பார். பானெட்டைத் திறந்து காட்ட எனக்கு ஒரு சாமான் வேண்டும். இதை நான் சொல்லவில்லை. டாக்டரை ஏற்றி வரப் பிந்திப்போய்ப் பொன்னம்மை இறந்ததை மட்டும் சொன்னேன். சத்தியதாஸ் பெஞ்சு மேல் கிடந்த கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்தான். பத்து நாள் வேலை. பத்து நாளும் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

மச்சான் சோதனைக்கு வந்தார். டாக்டர் எத்தனை எடை இருப்பார், நர்ஸ் எத்தனை இருப்பாள் என்று என்னைக் கேட்டு, கடையிலிருந்து ஒன்றரை மூட்டை அரிசியை எடுத்துப் பின்சீட்டில் ஏற்றினார். அதற்கு மேல் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார். வித்துரா தாண்டியதும் நான் அழுத்தினேன். சூப்பர்சார்ஜர் ஒரு ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. மூட்டை, மச்சான், நான் எல்லோருமாக ஐம்பத்தொரு நிமிடத்தில் தோட்டத்து வாசலில் நின்றோம்.

மச்சான் இறங்கி, தானே பானெட்டைத் தூக்கி, அந்த உருளையைத் தொட்டார். சூடு. கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தச் சாதனம் அன்னைக்கு இருந்திருந்தா என் தங்கச்சி இருப்பா, இல்லையா?" என்றார். "உம்மள நான் கண்டபடி பேசிட்டேன் மாப்பிள. உம்ம மேல என்ன தப்பு? கம்பெனிக்காரன் செஞ்சு குடுத்த எஞ்சினு அம்புட்டுத்தான் இழுக்கும். நீரு என்ன செய்வீரு?"

"ஆமா மச்சான்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாளே சரோஜத்தை அனுப்பி வைத்தார். தகரப்பெட்டி பின்சீட்டில், அவள் என் பக்கத்தில், மடியில் மாமா கொடுத்த கருப்பட்டிப் பொட்டலம். வித்துரா வரை கடைகளையும் வண்டிகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏற்றம் ஆரம்பித்ததும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"அப்பா, சத்தம் வேற மாதிரி இருக்கே."

"புதுசா ஒண்ணு மாட்டியிருக்கு, மக்ளே."

"அன்னைக்கு உள்ள சத்தம் எனக்குத் தெரியும். அம்மை என்னை ஜன்னல்ல நிக்கச் சொன்னா. அப்பா வண்டிச் சத்தம் கேட்டாச் சொல்லுன்னா. கேட்டுது, சொன்னேன். பின்ன நின்னு போச்சு. பின்னயும் கேட்டுது. பின்னயும் நின்னு போச்சு." பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பா வழியில ஆருகிட்டயோ பேசிக்கிட்டு நிக்காரு போலன்னு அம்மை சிரிச்சா. எதுக்கு அப்பா நின்னுது?"

மச்சானிடம் சொன்னதையே இவளிடமும் சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் தயாராக இருந்தது.

"ஒரு கம்பி, மக்ளே. எஞ்சினுக்குள்ள நான் வச்சிருந்தேன். பெட்ரோல் குறைச்சுச் செலவாகட்டும்னு. அதனாலதான் ஏற முடியல."

அவள் கருப்பட்டியை ஒரு கடி கடித்தாள்.

"செலவு குறைஞ்சுதா?"

"குறைஞ்சுது. காலனுக்கு ஒம்பது மைல்."

"ஒம்பது மைல்னா நிறையவா அப்பா?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்கு மைல் கணக்கு இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரில் இருந்த என் கால் நடுங்க ஆரம்பித்தது. பிடித்து வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. முழங்கால் நடுங்கி, இடுப்பு நடுங்கி, பல் கிட்டியது. வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி பிரேக்கைப் போட்டேன். எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சரோஜம் பயந்துபோய் என் சட்டையைப் பிடித்தாள். "பின்னயும் நின்னு போச்சா அப்பா?"

"இல்ல மக்ளே" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நான்தான் நிறுத்தினேன்."