கண்ணாடி அலமாரியின் சாவி

"அந்த அலமாரிச் சாவியக் குடுங்க சார்."

எது வேண்டுமானாலும் கேள், இயக்குநரின் கண்ணாடி அலமாரிச் சாவியை மட்டும் கேட்காதே என்று, அந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த அன்றைக்கே நூலகர் பராங்குசம் பிலோமியிடம் சொல்லியிருந்தார். இன்றைக்கு அவர் மேசை முன்னால் வந்து நின்று நேரே கையை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடிக்காததை யாராவது கேட்டால் அவர் கண்ணாடி உடனே அழுக்காகிவிடும்.

புதுத் துறைமுகத்தில் செம்புத் தொப்பி மாட்டி, குழாயில் வரும் காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு கடலுக்கடியில் வேலை பார்க்கிறவன் அவள் அண்ணன் இனிகோ. நேற்று மத்தியானம் மேலே ஏறி வந்து பீடியைப் பற்றவைத்தான். அது தீருமுன்னே இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ச் சரிந்தான். அவர்கள் வம்சத்தில் முத்துக்கு முங்கினவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்து முங்கினவர்கள். சுறாவுக்கு இரையானவர்கள் உண்டு, இப்படிக் கால் செத்தவர் கிடையாது. ஆகவே அம்மா அதைக் குளிர்வாதம் என்று முடிவுகட்டி, கடற்காற்று படாமல் கதவைச் சாத்தி, எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோனாள். ஆஸ்பத்திரியிலும் வாதத்துக்குத்தான் ஊசி போட்டார்கள். இனிகோவுக்குக் காற்றுப் பம்பு ஓட்டும் ஹென்றி விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"வாதமாம், மயிரு! ரத்தத்துக்குள்ள காத்துக் குமிழி நிக்கி, ஏளா. துறைமுகத் தளத்துல காத்துப் புகாத இரும்புக் கூண்டு ஒண்ணு கெடக்கு, பெயிண்டு டப்பா அடுக்கி வச்சிருக்கானுவ. அதுக்குள்ள படுக்க வச்சுக் காத்தடைச்சா குமிழி கரையும். வெள்ளைக்கார இஞ்சினியரு ஒருத்தனுக்குச் செஞ்சத நான் பாத்தேன். எம்புட்டு அழுத்தம், எப்படிக் கொறைக்கணும்னுதான் தெரியாது. தெரியாம அடைச்சா நான் கொலகாரன்."

அதைக் கேட்கத்தான் ஹென்றி காலையில் நூலகத்துக்கே வந்தான். 'உறுப்பினரா?' என்று கேட்டுப் பராங்குசம் திருப்பி அனுப்பிவிட்டார். பிலோமிக்கு உடம்பு எரிந்தது. அதே கேள்வியை அவளும் கேட்டவள்தான். வலை பற்றி விசாரிக்க ஆலந்தலையிலிருந்து வந்த எத்தனை பேரை, "வெளியாளுக்கு இல்ல அண்ணாச்சி" என்று வாசலோடு அனுப்பியிருக்கிறாள்! விஞ்ஞானிகள் அரைகுறையாய்ச் சொல்லும் தலைப்பை வைத்துக்கொண்டு கார்டு இழுப்பறைகளைத் துழாவிக் கட்டுரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும், இங்கே இல்லாததற்கு டெல்லிக்கு எழுதி நகல் வரவழைப்பதும் அவள் வேலை. இன்று முதல்முறையாகத் தன் வீட்டுக்காகத் துழாவினாள். கார்டு கிடைத்தது. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. முங்குகிறவர்களின் முடக்கத்துக்கு அழுத்த அட்டவணையும் வைத்தியமும் சொல்லும் புத்தகம், ஒரு கையும் படாமல், அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலேயே நின்றது.

"டைரக்டர் மெட்ராஸ் போயிருக்கார். திங்கக்கிழமை வரட்டும். ஒரு மனு எழுதிக் குடு, நானே சிபாரிசு பண்றேன்."

"நேத்துலேருந்து அவனுக்கு மூத்திரம் போகல்ல சார். திங்கக்கிழமைக்கு மனுவ அவன் சவப்பொட்டிக்குள்ள வைக்கவா?"

"நீ ஸ்டாஃப். உங்க அண்ணா ஸ்டாஃப் இல்லையேம்மா. இன்னிக்கு உனக்குத் திறந்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"நிக்கட்டுமே! கடலுக்குள்ள போறவன் அவன். கடலப் பத்தின பொஸ்தகம் மட்டும் ஒங்களுக்கா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறது" என்றார். சட்டைக்குள் பூணூலில் முடிந்திருந்த சாவியை அவர் கை அழுத்திப் பிடித்திருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

அந்த மாதம்தான் அவள் வேலை நிரந்தரம் ஆவதாக இருந்தது. வீட்டில் முதல் பட்டதாரி. இனிகோ விழுந்தபின் வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அவளுடையதுதான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒருமுறை யோசித்தாள். பிறகு யோசிக்கவில்லை.

அவர் மேசையில் காகிதங்கள் பறக்காமல் வைத்திருந்த சங்கை எடுத்தாள்.

கண்ணாடி நொறுங்கின சத்தத்தில், படித்துக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. பராங்குசம் எழுந்து, நின்று, மறுபடி உட்கார்ந்தார். "அது... வெளியில கொண்டுபோகக் கூடாத புஸ்தகம்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிலோமி திரும்பவில்லை. சங்கைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்து வெயிலுக்குள் இறங்கினாள். வேலியோரம் சைக்கிளோடு நின்ற ஹென்றி, அவள் புறங்கை ரத்தத்தைப் பார்த்துப் பதறி ஓடிவந்தான். அவள் நடந்தபடியே புத்தகத்தைப் பிரித்தாள். பிரிக்க வரவில்லை. அச்சகத்திலிருந்து வந்தபடியே, பக்கங்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டிக் கிடந்தன.

"கத்தி வச்சிருக்கியா அண்ணே?" என்று கையை நீட்டினாள்.