ஏழாவது வரி

செங்குத்தாக எழும்பி, ஒலியை முந்திப் பறந்து, எழும்பிய இடத்திலேயே இறங்க வேண்டிய விமானம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எழும்பியது. நான்கே நிமிடத்தில் திரும்பியும் வந்தது. பிறகு ஒன்பது வருடம் தளத்துக்கு மேலே நாற்பதடி உயரத்தில் நின்றது. எரிபொருள் முள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

விமானிக்குத் தொழிற்கூடத்தில் 'எழுத்துப்படி' என்று பட்டப்பெயர். மருந்துச் சீட்டில் 'வெந்நீரில் கலக்கவும்' என்று மட்டும் இருந்ததால், கலக்கி வைத்துவிட்டுக் குடிக்காமலே காய்ச்சலோடு கிடந்த மனிதர். அவர் மனைவி அங்கேயே தட்டச்சு வேலையில் இருந்தாள். தினமும் காலையில் வானொலிக் கருவியில் "இறங்குங்க" என்பாள். "அதைத்தானே செஞ்சிட்டிருக்கேன்" என்று மேலிருந்து பதில் வரும். மெதுவாக இறங்குகிறாரோ என்று தலைமைப் பொறியாளர் வாரந்தோறும் அளந்து பார்த்தார். நாற்பதடிதான். விசாரணைக் குழுக்கள் வந்து இயந்திரத்தைக் குறை சொல்லிவிட்டுப் போயின.

இதற்குள், விமானத்தின் நிழலில் நின்றால் மனசு லேசாகிறது என்று ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வெல்டர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே நின்றுவிட்டு, பத்து வருடம் பேசாதிருந்த அண்ணனுக்குப் போன் போட்டார். அதன்பின் உணவு இடைவேளையில் வரிசை கட்டி நிற்க ஆரம்பித்தார்கள். மனைவிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. விமானம் நின்ற அன்றே அவளுடைய பாதங்கள் மரத்துப்போயிருந்தன. ஒருமுறை ஆணி குத்தியதைக்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அழலாம் என்று நினைப்பாள். வராது. போய் அடுத்த பக்கத்தை அடிப்பாள்.

ஒன்பதாம் வருடம் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது, அன்றைய பறத்தல் குறிப்பின் கார்பன் நகல் கிடைத்தது. தளத்துக்கு மேலே விமானத்தை நிறுத்தியதும் செய்ய வேண்டியது ஏழாவது வரியில் இருந்தது: 'இரங்கவும்.' அடித்தது அவள்தான்.

"சார், பெரிய ற போட வேண்டிய இடத்துல சின்ன ர போட்டுட்டேன்."

தலைமைப் பொறியாளர் இரண்டு முறை படித்தார். "அப்போ இத்தனை வருஷமா மேல நின்னு இரக்கப்பட்டுக்கிட்டா இருந்தாரு?"

"ஆமா சார். வாயால சொன்னா ரெண்டும் ஒண்ணுதான். எழுதித்தான் காட்டணும்."

விமானிக்கு நேர் எதிரே இருந்த கொட்டகைக் கதவில், ஏணி போட்டு, வெள்ளை பெயின்டில் அவளே எழுதினாள். வரிசையில் நின்றவர்களின் முகம் தொங்கிப்போயிற்று. "நாளைக்கு எழுதக்கூடாதாம்மா?" என்று வெல்டர் கேட்டார். அவள் தூரிகையை மறுபடி பெயின்டில் தோய்த்தாள். வார்த்தையை முழுவதும் எழுதி, ற-வை மட்டும் கடைசியாக வைத்தாள். அதன் வாலை இழுத்து முடித்ததும் விமானம் ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது. சோதனை வெற்றி என்று பதிவேட்டில் குறித்தார்கள்.

அன்று மாலை வீட்டில் அவர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கால் வலிக்குதா?"

அப்படிக் கேட்கச் சொல்லி எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒன்பது வருடப் பழக்கம், சட்டென்று விடாது என்று எடுத்துக்கொண்டாள். பாதத்தைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள்.