டெலக்ஸ் அறையில் நியூயார்க்

1976ஆம் வருடம் கத்திரி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோது, ஆம்பூர் பஜாரிலிருந்த வங்கிக் கிளையின் டெலக்ஸ் அறையில் மட்டும் லண்டன் மழை பெய்தது. வெளிநாட்டு வங்கிகளுக்குத் தட்டச்சுச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் மெஷின் வந்து இறங்கிய மறுநாளே இது தொடங்கிவிட்டது. லண்டனுக்கு லைன் போட்டால் தூறல், ஹாம்பர்க் என்றால் துறைமுகக் காற்று, மிலான் என்றால் காபி வாசனை. லைனை வெட்டினால் பழையபடி புழுக்கமும் தோல் வாடையும். எந்த ஊரோடு பேச்சு நடக்கிறதோ அந்த ஊர் நேரத்தைத்தான் அறைக் கடிகாரமும் காட்டும். டெலக்ஸ் ஆபரேட்டர் அமிர்தவள்ளி குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருந்த வீட்டுப் பெண். மெஷின் என்றால் நாலு விதமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஒரு ஸ்வெட்டரையும் குடையையும் கொண்டுவந்து ஆணியில் மாட்டிக்கொண்டாள். மேனேஜர் நந்தகோபால் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். மழையினால் மெஷின் பழுதாகாத பட்சத்தில் செலவு எதையும் அனுமதிக்க இயலாது என்று பதில் வந்தது. அதோடு விசாரணை முடிந்தது.

ஊருக்குக் கொண்டாட்டத்தில் தலைகால் புரியவில்லை. தூறலில் நிற்க வேண்டுமானால் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று மேனேஜர் விதி போட்டதும், ஒடுகத்தூரிலிருந்து வேர்க்கடலை விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். வாணியம்பாடிப் புது மாப்பிள்ளை ஒருவன் மனைவியோடு வந்து பாரிஸ் போடச் சொன்னான். பாரிஸில் நமக்குப் பார்ட்டி இல்லை என்று அமிர்தவள்ளி மிலானைப் போட்டுவிட்டாள். அதுவே ஜாஸ்தி என்று இருவரும் சந்தோஷமாகப் போனார்கள். இரண்டு வருடத்தில் டெபாசிட் மூன்று மடங்கானது. அதற்கான கேடயத்தை நந்தகோபால் மெட்ராஸில் போய் வாங்கி வந்தார். காரணத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தோல்காரர்களுக்கோ மழையைவிட வேகம்தான் பெரிது. முன்பெல்லாம் ஏற்றுமதிக் காகிதங்கள் தபாலில் நியூயார்க் போய்ப் பணம் திரும்புவதற்குள் அடுத்த ஈத் வந்துவிடும். இப்போது சரக்கைக் கப்பலேற்றி, காகிதங்களைக் கெடு தேதிக்குள் ஆம்பூர் கிளையில் கொடுத்து, கிளை டெலக்ஸ் அடித்தால் போதும். வாங்குபவனின் அமெரிக்க வங்கி, எல்.சி. என்ற உறுதிக் கடிதத்தில் சொன்னபடி பணம் தந்தாக வேண்டும். ஒரு நாள் தப்பினால் அந்த உறுதி செத்துப்போகும். கணவர் இறந்தபின் தோல் பதனிடும் ஷாப்பைத் தானே நடத்திவந்த அஃப்ஸர் ஜஹான், 1979 ஜனவரியில் ஷாப்பையே அடமானம் வைத்து நியூயார்க்குக்கு ஒரு பெரிய ஆர்டரைக் கப்பலேற்றியிருந்தார். கெடு ஜனவரி முப்பத்தொன்று. தோல் விலை சரிந்துகொண்டிருந்தது. ஒரு சாக்குக் கிடைத்தால் வாங்குபவன் கையை உதறிவிடுவான், ஷாப் ஏலத்துக்குப் போகும், அதை நம்பியிருந்த அறுபது குடும்பங்கள் தெருவுக்கு வரும்.

கப்பல் கம்பெனியின் ரசீதை மெட்ராஸிலிருந்து கொண்டுவர ஷாப் கணக்குப்பிள்ளை கன்னியப்பன் போயிருந்தார். முப்பத்தொன்றாம் தேதி மதியம் ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிப்போனார். விழித்தபோது ஆம்பூர் எப்போதோ கடந்து ஜோலார்பேட்டை வந்திருந்தது. அன்று ராத்திரி ரயிலும் பஸ்ஸும் கிடைக்காமல், மறுநாள் வண்டி பிடித்து, பிப்ரவரி ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குமேல்தான் வங்கிக்குள் ஓடிவந்தார். அஃப்ஸர் ஜஹான் முதல் நாளிலிருந்தே வங்கி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது போல உட்கார்ந்திருந்தார்.

"இன்னா கன்னியப்பா, தூங்கினியா?"

"தூங்கிட்டேம்மா," என்றார் கன்னியப்பன். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நந்தகோபால் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். பொய்த் தேதி போடுகிற ஆள் இல்லை அவர். "தேதி போயிடுச்சிம்மா. நான் இன்னா செய்யறது?" என்றார்.

அமிர்தவள்ளி டெலக்ஸ் அறையிலிருந்து தலையை நீட்டினாள். தலையெல்லாம் வெள்ளைப் பனி. "சார், நியூயார்க் போட்டிருக்கேன். இங்க இன்னும் முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரிதான். பதினஞ்சு நிமிஷம் கீது. லைன் கட்டாயிட்டா நான் பொறுப்பில்லை."

உண்மைதான். நமக்குக் காலை பத்தேகால் என்றால் நியூயார்க்கில் முந்தைய இரவு பதினொன்றேமுக்கால். நந்தகோபால் தேதி முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு டெலக்ஸ் அறை வாசலைத் தாண்டினார். முத்திரையின் சக்கரங்கள் கிறுகிறுவென்று தாமாகச் சுழன்று ஜனவரி முப்பத்தொன்றில் வந்து நின்றன. இது பொய்த் தேதி இல்லை. "எல்லாரும் உள்ள வாங்க, கதவச் சாத்துங்க," என்றார்.

கணுக்கால் அளவுப் பனியில் நின்று அவர் ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்தார். எல்லாம் சரி. ரசீதின் பின்பக்கம் அஃப்ஸர் ஜஹான் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. பேனா ஓடவில்லை, மை உறைந்துபோயிருந்தது. கன்னியப்பன் டீக்கடைக்கு ஓடிக் கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் டீ வாங்கிவந்தார். பேனாவை அதில் முக்கி எடுத்து, பல் கிடுகிடுக்க அஃப்ஸர் ஜஹான் கையெழுத்திட்டபோது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நந்தகோபால் ஓங்கி முத்திரை குத்தினார். அடுத்த நொடி மேஜைமேல் காகிதங்கள் இல்லை. அமிர்தவள்ளி மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் நியூயார்க் வங்கியின் பதிலை அடிக்க ஆரம்பித்தது: காகிதங்கள் எங்கள் கவுண்டருக்கு முப்பத்தொன்றாம் தேதி வந்து சேர்ந்தன, நனைந்திருக்கின்றன, ஒரு டீக்கறை இருக்கிறது, வேறு குறையில்லை, பணம் அனுப்புகிறோம். நந்தகோபால் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பிறகு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியமாக, ஆபீஸ் நேரத்தில் விசிலடித்தார்.

அஃப்ஸர் ஜஹான் வெளியே வந்தபோது பஜாரில் சுள்ளென்று வெயில். ரிக்‌ஷா வேண்டாமென்று நடந்தே போனார். புர்காவின் தோளில் இரண்டு விரல் கனத்துக்குப் பனி உட்கார்ந்திருந்தது. வழி முழுக்க அது உருகவில்லை. ஷாப் வாசலில் ஆட்கள் காலையிலிருந்து வேலைக்கும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் நின்றிருந்தார்கள். தோல் நனைக்கும் டிரம்மை ஓட்டும் முனிரத்தினம்தான் அந்தப் பனியை முதலில் பார்த்தார். நேராகப் போய் ஷாப் கேட்டை அகலத் திறந்துவிட்டார். அஃப்ஸர் ஜஹான் தோளைத் தட்டிப் பனியைத் தண்ணீர்த் தொட்டியில் உதறிவிட்டு, "டிரம்மப் போடு முனிரத்தினம்," என்றார். அன்று நனைத்த தோலில் நியூயார்க் பனியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அந்தத் தோல் மற்ற தோலின் விலைக்கே போனது.