வருமா, வராதா

...இந்த முறையும் வராமல் போய்விட்டால்? டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறியதிலிருந்து நவ்ரீனுக்கு இதே கேள்விதான். வரட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை, ஆற்றுவாயில் குடியிருக்கும் ஜனங்கள் தலையில் பேய்மழை கொட்டட்டும் என்று எந்த மனுஷி வேண்டுவாள், ஆனால் வராவிட்டால் போன மாதத்தைப் போலவே... வேண்டாம், அதை நினைக்காதே. இன்று ராத்திரி மழைக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு, கடல் ஏற்றமும் அதே நேரம், எண்ணூர் முகத்துவாரத்தில் வடிய வழியில்லாமல் தண்ணீர் தெருவுக்குள் திரும்பும். அறுபது. ஆராய்ச்சி மாணவியாக இருந்தவரை அது ஓர் அழகான எண், வரைபடத்தில் ஆபத்துக்கு ஆரஞ்சு பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன, ஆட்டோ நகரவில்லை, வெயில் பளீரென்று அடித்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை, பயமே அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு, "மழயாம் மழ, மண்டயப் பொளக்குது வெயிலு" என்றாள், யாரிடம் சொன்னாளோ, நவ்ரீனுக்குத் தன்னிடமே சொன்னதுபோல் இருந்தது.

பருவநிலை அறிவியலில் பட்டம் வாங்கியதும் கூடப் படித்த தஹ்சீன் பெங்களூருக்குப் போனாள், காப்பீட்டுக் கம்பெனி, வெள்ளம் வரும் ஊர்களைக் கணினியில் குறித்துக் கொடுக்கும் வேலை. நீயும் வாடி என்றாள். நவ்ரீன்தான், எனக்கு ஜனங்களுக்குப் பயன்படுகிற வேலை வேண்டும் என்று பெரிதாகப் பேசிவிட்டு, ராயபுரத்தில் வெள்ள எச்சரிக்கை கொடுக்கும் சின்ன அமைப்பில் சேர்ந்தாள். பேராசிரியர்கூடக் கைதட்டினார். எதற்குத் தட்டினார்? தஹ்சீன் தப்புச் செய்தால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம், இவள் தப்புச் செய்தால்... போன மாதம் இவள் பேச்சைக் கேட்டு எண்ணூரில் ஒரு தெருவே பாயும் பானையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. ஒரு தூறல்கூட இல்லை. அங்கே கக்கூஸ் படியில் வழுக்கி விழுந்தாள் அந்தத் தெரு ஃப்ளோராவின் அம்மா ஆலிஸ், இடுப்பெலும்பு, ஆஸ்பத்திரி, சளி நெஞ்சில் கட்டி... காசிமேட்டுக் கல்லறையில் மண் தள்ளும்போது ஃப்ளோரா அழவில்லை, இவள் பக்கம் திரும்பி, "மழ வரவே இல்லியேம்மா" என்றாள், அவ்வளவுதான், திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும். இன்று எச்சரிக்கை சொல்லாமலே திரும்பிப் போய்விட்டால் என்ன? வராமல் போக நாற்பது இருக்கிறதே, பெரிய எண்தானே நாற்பதும்... சீ, நீ என்ன ஜென்மம்.

எண்ணூரில் இறங்கினாள். கால் தானாகவே அந்தத் தெருவுக்குள் போயிற்று. ஃப்ளோரா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்ததுமே, "இன்னா, மறுபடியும் மழயா?" என்றாள். "ஆமாக்கா... ராத்திரி வரலாம். நூத்துக்கு அறுவது."

"மீதி நாப்பது?"

"வராமயும் பூடலாம்."

"வருமா வராதா, ஒண்ணு சொல்லேன்." ஃப்ளோரா கையைத் துடைத்துக்கொண்டாள், கோபம் இல்லை குரலில். "உங்கம்மா எங்க கீறாங்க?"

"காலடிப்பேட்டைலதான்க்கா, வூட்ல."

"கீழயா, மாடியா?"

"கீழதான்."

"அங்க தண்ணி வருமா?"

"வந்தா... அங்கயும் வரும்."

"அவங்களாண்ட சொல்ட்டியா?"

காலையில் அம்மா நவ்ரீனிடம் டிபன் டப்பாவை நீட்டினாள், இவள் வாங்கிக்கொண்டு போய்ட்டு வர்றேம்மா என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. மறந்தா போனாள்? வரைபடத்தைப் பெரிதாக்கித் தன் தெருவில் ஆரஞ்சு இருப்பதைப் பார்த்தாளே, பார்த்தபின்தானே செருப்பு மாட்டினாள்... முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மா, அவளை எங்கே தூக்கிக்கொண்டு போவது, வழியில் எந்தப் படியில் வழுக்குமோ, அதனாலா? அல்லது அறுபதை இவளே நம்பவில்லையா, நம்பாமல்தான் இவ்வளவு தூரம் வந்து இன்னொருத்தி வாசலில் நிற்கிறாளா? ஃப்ளோரா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இறால் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், மூட்டை கட்டவா, குழம்பு வைக்கவா, தெரியவில்லை. நவ்ரீன் போனை எடுத்து அம்மாவை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது... எடுத்ததும் சாப்ட்டியா என்றுதான் கேட்பாள், அதற்குப் பதில் இருக்கிறது, அதற்கு அடுத்தது? அம்மாவிடம் யாராவது நூற்றுக்கு அறுபது என்று சொல்வார்களா, கிளம்பு என்றல்லவா சொல்வார்கள், அப்படியென்றால் ஃப்ளோராவிடம் சொன்ன அந்த அறுபது, அது யாரைக் காப்பாற்ற...

"ஹலோ," என்றாள் அம்மா, "நவ்ரீனு?"