கேட்காமல் ஏற்றிய பவர்

ஆயில் மாற்றுவதாகச் சொல்லி எடுத்துப்போன காரை மச்சினன் ஒரு மாப்பிள்ளையை அழைத்துவருவதுபோல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஆயிலோட பவரும் ஏத்தியாச்சு மாமா. லேப்டாப்பச் சொருகி என்ஜின் புரோகிராமையே மாத்திட்டாங்க. இனிமே கிழட்டு மாடு இல்ல, பந்தயக் குதிர!"

மனைவி இறந்தபிறகு அவன் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு வீட்டில் புகுந்து விளையாடினார்கள். அவனுடைய அக்கா வந்து பீரோவை ஒழித்தாள். சித்தப்பா கட்டிலைத் திருப்பிப் போட்டார். அவள் ஓட்டிய இந்தப் பழைய டீசல் வண்டி ஒன்றுதான் அவள் விட்டுப்போனபடியே இருந்தது. இப்போது அதிலும் கை வைத்தாயிற்று.

மச்சினனை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் மிதித்துப் பார்த்தான். என்ஜின் அலறியது, முள் எகிறியது, வண்டி மட்டும் ஏற மறுத்தது. கருகிய வாடை வந்தது. மெல்லத் திருப்பி, பவர் ஏற்றிய கடைக்கே விட்டான்.

கடைக்காரர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார்.

"நம்ம வேல சுத்தம் சார். கிளட்ச்தான் தேஞ்சு வழுக்குது. யாரு ஓட்டின வண்டி?"

"என் மனைவி."

"அதானே பார்த்தேன்! கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டியிருப்பாங்க. லேடீஸ் வண்டின்னாலே இந்த ரோதனதான்."

மச்சினனும் தலையாட்டினான். "அக்கா அப்படித்தாண்ணே ஓட்டும். மாமாவே எத்தன தடவ திட்டியிருக்காரு."

உண்மைதான், திட்டியிருக்கிறான். அது அவனுக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு. தீர்ப்புச் சொல்ல இவர்கள் யார்? மாதக்கணக்காக மரத்துக் கிடந்த நெஞ்சில் சுரீரென்றது.

"போன வாரம் இந்த வண்டி பாலம் ஏறிச்சா இல்லையாடா?"

"ஏறிச்சு மாமா."

"இதே கிளட்சோடதானே?"

அவன் கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"இவ்வளவு பவர் ஏத்தினா கிளட்ச் தாங்குமான்னு ஓட்டிப் பார்த்தீங்களா?"

"கஸ்டமர் அவசரப்பட்டாரு சார்..."

"குருவி தலையில பனங்காய வெச்சது நீங்க. இப்ப குருவிதான் நோஞ்சான்னு சொல்றீங்க. செத்தவ வந்து பதில் பேசமாட்டாங்கிற தைரியம்!"

கடையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. கடைக்காரர் முகம் செத்துப்போனது. அவள் இறந்தது அவருக்குத் தெரியாது.

"தெரியாமச் சொல்லிட்டேன் சார். புது கிளட்ச் போட்டுத் தரேன், பறக்கும்."

"யாரு பறக்கணும்னு அழுதா? பழைய புரோகிராமையே போடுங்க."

நல்லவேளை, அதை எடுத்து வைத்திருந்தார். மறுபேச்சில்லாமல் லேப்டாப்பைச் சொருகினார்.

திரும்பும்போது அதே பாலம். பின்னால் ஒரு லாரி ஹாரனால் காதைக் கிழித்தது.

"ஓரங்கட்டிடலாமா மாமா?"

"அடிக்கட்டும்."

இடது காலை கிளட்சில் படாமல் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டான். இந்த கிளட்ச் இன்னும் கொஞ்ச காலம் உழைக்க வேண்டும். என்ஜின் முனகியது, ஆனால் வழுக்கவில்லை. அவளோடு ஏறியதைப்போலவே, ஆமையாக, உச்சிக்கு ஏறியது.

மச்சினன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கும் அது அக்கா வண்டிதான் மாமா."

"அப்ப கேட்டிருக்கணும்ல?" என்றான் அவன். கோபம் இறங்கவில்லை. இறக்கவும் அவனுக்கு மனமில்லை.